மனநிலையைப் பதிவு செய்ய எந்தச் செயலி?

மார்ச் 2 (ஒரு வாசகரின் கேள்வி)

"சில மாதங்களாக மனம் அடிக்கடி சோர்ந்துவிடுகிறது. எந்த நாளில், எதற்குப் பிறகு என்று குறித்து வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். செயலிகளைத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவதால் உண்மையில் பயன் உண்டா, அல்லது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டுமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும்."

மார்ச் 2

பெயரைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: இந்தப் பதிவை ஒரு மாதம் கழித்து யார் படிக்கப் போகிறார்கள்? மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒரு வகைச் செயலி பொருந்தும். நீங்களே பின்னாளில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் வேறு வகை பொருந்தும். யாரும் படிக்க வேண்டியதில்லை, மனத்தில் உள்ளதை இறக்கி வைத்தால் போதும் என்றால் செயலியே தேவைப்படாமலும் போகலாம். தரவரிசை போடும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதனால்தான் அவற்றைப் படித்து முடித்த பிறகும் குழப்பம் தீர்வதில்லை.

டேலியோ முதல் வகையைச் சேர்ந்தது. ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். பிறகு தூக்கம், வேலை, நண்பர்கள், உடற்பயிற்சி என்று நாமே வைத்துக்கொள்ளும் சின்னங்களில் அன்றைக்குப் பொருந்துவதைத் தொட வேண்டும். விருப்பமிருந்தால் குறிப்பு எழுதலாம். ஒரு சொல்கூட எழுதாமல் பதிவை முடித்துவிடலாம் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். 2011இல் வந்த டே ஒன் இதற்கு நேர் எதிரானது. அது வெற்றுப் பக்கத்தைத் தருகிறது. தேதி, இடம், வானிலை ஆகியவற்றைத் தானே குறித்துக்கொள்கிறது. மற்றதை நாம் எழுத வேண்டும். இரண்டையும் நான் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். இவற்றில் ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனெனில் இரண்டும் செய்யும் வேலைகள் வேறு.

மார்ச் 2, இரவு

முகத்தைத் தொடுவதால் மட்டும் பயன் உண்டா என்ற பகுதிக்கு மேலே பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். என் பழைய பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரே கடைசிக்கு முந்தைய முகம் இருக்கிறது, கீழே 'வேலை', 'தூக்கமின்மை' என்ற இரு சின்னங்கள் இருக்கின்றன, வேறெதுவும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு என்ன நடந்தது என்பதை இப்போது எவ்வளவு முயன்றாலும் மீட்டெடுக்க முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து அதே முகம், அதே இரு சின்னங்கள், ஆனால் அடியில் ஒரு வரி இருக்கிறது: "மூன்று மணிக்கு வந்த அழைப்பை எடுத்த பிறகு மாலை வரை யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை." அந்த ஒரு வரியைப் படித்ததும் அழைத்தவரின் குரல், நான் நின்றிருந்த மாடிப்படி, அன்று சாப்பிடாமல் விட்டது எல்லாம் திரும்பி வந்துவிட்டன. செயலி போட்டுத் தரும் வரைபடத்தில் இந்த இரு நாட்களும் ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள்.

எனவே முகத்தைத் தொடுங்கள், ஆனால் ஒரு வரியாவது சேர்த்து எழுதுங்கள் என்பதே என் பதில்.

மார்ச் 4

எப்போது பதிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தச் செயலி என்ற கேள்வியைவிட இது முக்கியமானது என்று கருதுகிறேன்.

பெரும்பாலானோர் படுக்கப் போகும் முன் நாள் முழுவதற்கும் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். நினைவு அப்படிச் சராசரி எடுப்பதில்லை. 1993இல் உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு முறை 60 நொடி 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் கையை வைத்தார்கள். இன்னொரு முறை அதே 60 நொடிக்குப் பின் மேலும் 30 நொடி, நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும் வரை வைத்திருந்தார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பான்மையோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். கூடுதலாகப் பட்ட வேதனையைவிட, முடிவு சற்று இதமாக இருந்தது அவர்கள் நினைவில் அதிகம் நின்றது. நாள் முழுவதும் ஓரளவு நன்றாக இருந்து, இரவு எட்டு மணிக்கு ஒரு வாக்குவாதம் நடந்திருந்தால், பத்து மணிக்கு நாம் போடும் மதிப்பெண் அந்த வாக்குவாதத்துக்குப் போடும் மதிப்பெண்ணாகத்தான் இருக்கும்.

ஐபோனின் ஹெல்த் செயலி இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 17 முதல் அதில் மனநிலையைப் பதியலாம். இந்தக் கணத்தின் உணர்வா, இன்றைய நாளின் மனநிலையா என்று அது முதலிலேயே கேட்டுவிடுகிறது. பிறகு 'மிகவும் இதமற்றது' முதல் 'மிகவும் இதமானது' வரை ஏழு படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதற்கான சொல்லையும் காரணத்தையும் அடுத்தடுத்துக் கேட்கிறது. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு செயலியைப் பயன்படுத்துவோரும் நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என இரு பதிவுகளைச் செய்து, இரவு மதிப்பெண்ணுக்கு அளவுக்கு மீறிய எடை தராமல் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 9

எழுதினாலே மனம் இலேசாகிவிடும், செயலி எதுவானால் என்ன என்று ஒருவர் வாதிட்டிருக்கிறார். இந்த எண்ணத்துக்கு அடிப்படையாக வழக்கமாகச் சொல்லப்படுவது ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் துயரமான நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை: எழுதி முடித்த உடனே அந்த மாணவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. 2006இல் ஜோவான் ஃப்ரட்டரோலி இத்தகைய 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பயன் இருப்பது தெரிந்தது. ஆனால் அது சராசரியாகச் சிறிய பயன்தான்.

நான்கு நாள் எழுதி நிறுத்துவதும், செயலி நினைவூட்டுகிறது என்பதற்காக ஆண்டு முழுவதும் அதே காயத்தைக் கிளறுவதும் ஒன்றல்ல. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா தம் ஆய்வுகளில் விளக்கியது போல, தன் சோர்வைப் பற்றியே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பது சோர்வை நீட்டிக்கிறது. இதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். ஒரு கடினமான காலத்தில் என் குறிப்புகள் எல்லாம் ஒரே ஆளைப் பற்றி, ஒரே சம்பவத்தைப் பற்றி, ஏறக்குறைய ஒரே சொற்களில் இருந்தன. ஒவ்வொரு இரவும் எழுதி முடித்தபோது தூக்கம் இன்னும் தள்ளிப் போனது. அப்போது எனக்கு உதவியது எழுதும் நேரத்தைப் பகலுக்கு மாற்றியதும், ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் "நாளை இதைப் பற்றிச் செய்யக்கூடிய ஒன்று" என்ற வரியைக் கட்டாயமாக்கிக்கொண்டதும்தான். குறிப்புக்கு முன்கூட்டியே ஒரு வார்ப்புருவை அமைத்துக்கொள்ள இடம் தரும் செயலிகள் உண்டு. உங்களுக்கும் ஒரே எண்ணத்தில் சுழலும் வழக்கம் இருந்தால் அந்த வசதியைத் தேடிப் பாருங்கள்.

மார்ச் 9, சற்று பின்னர்

தொடர்ச்சியாக இத்தனை நாள் பதிந்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரு மோசமான நாளில் எழுதாமல் விட்டதற்காக எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புவது, ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு இன்னொரு தோல்வியைக் காட்டுகிறது.

மார்ச் 15

இதுவரை நாம் விரும்பும் வாசகர்களைப் பற்றிப் பேசினோம். நாம் அழைக்காத வாசகரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மருத்துவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்ற தொழில் நெறி இருக்கிறது. செயலியை உருவாக்கும் நிறுவனம் மருத்துவர் அல்ல. அதன் தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருப்பதுதான் பெரும்பாலும் அது நமக்குத் தரும் வாக்கு, அந்தக் கொள்கையும் மாறக்கூடியது. 2022 மே மாதத்தில் மொசில்லா அறக்கட்டளை மனநலச் செயலிகளும் பிரார்த்தனைச் செயலிகளுமாக 32ஐ ஆராய்ந்து, அவற்றில் 28க்குத் தனியுரிமை எச்சரிக்கை முத்திரை இட்டது. 2023இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் நிரப்பிய மனநலக் கேள்வித்தாள் விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் பகிர்ந்ததாகக் குற்றம் சாட்டியது. அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. ஒருவர் மனநல உதவியை நாடினார் என்ற செய்தியே விளம்பரச் சந்தையில் சரக்காகிவிடுகிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. உள்ளே என்ன எழுதினார் என்பது தெரியாமலே இது நடந்துவிடும்.

செயலிக் கடைகளில் தரவுப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆப்பிள் 2020 இறுதியிலும் கூகுள் 2022இலும் அதைக் கொண்டுவந்தன. அதில் இருப்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே தரும் அறிவிப்பு. அதை முதல் சல்லடையாக மட்டும் கொள்ளலாம். நான் அதைவிட அதிகம் நம்புவது செயலியின் அமைப்பை. கணக்குத் தொடங்காமலேயே பயன்படுத்த முடிகிறதா? விமானப் பயன்முறையில் போட்டாலும் எழுத, படிக்க, தேட முடிகிறதா? டேலியோவில் கணக்கு தேவையில்லை. பதிவுகள் கைப்பேசியிலேயே இருக்கின்றன, காப்புப்பிரதி நம்முடைய கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறது. டே ஒன்னில் 2017 முதல் முனைக்கு முனை குறியாக்கம் உண்டு. அதாவது அவர்களுடைய கணினியில் பதிவு இருந்தாலும் திறவுகோல் நம்மிடம் இருக்கிறது. அந்தத் திறவுகோலைத் தொலைத்தால் அவர்களாலும் நம் பதிவை மீட்டுத் தர முடியாது என்பதையும் அறிந்தே அதை ஏற்க வேண்டும்.

அண்மைக்காலத்தில் பல செயலிகள் நாம் எழுதியதைப் படித்துச் சுருக்கம் சொல்வதாகவும் ஆறுதல் கூறுவதாகவும் வருகின்றன. அந்தச் சுருக்கம் கைப்பேசிக்குள்ளேயே தயாராகிறதா, நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் தயாராகிறதா என்று பாருங்கள். அங்கே போய்த் தயாராகிறதென்றால், குறைந்தபட்சம் அந்த நேரத்திலாவது உங்கள் எழுத்து பூட்டின்றி இருந்திருக்கிறது.

மார்ச் 16

"எல்லாம் என் கைப்பேசியிலேயே இருக்கிறது, பிறகு என்ன கவலை?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் நம்மில் பலருக்கு அழைக்காத வாசகர் வெகுதூரத்து நிறுவனம் அல்லர், அதே அறையில் இருப்பவர். செயலிக்குத் தனிக் கடவுக்குறியீடு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். நினைவூட்டல் பூட்டுத்திரையில் எப்படித் தோன்றுகிறது என்பதையும் பாருங்கள், "இன்று உங்கள் பதற்றம் எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி, மேசைமேல் கிடக்கும் கைப்பேசியில் எல்லோருக்கும் தெரியும்படி ஒளிர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாசகத்தை மாற்ற முடியவில்லை என்றால் நினைவூட்டலை அணைத்துவிட்டு, கடிகாரச் செயலியில் பெயரில்லாத ஓர் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 28

செயலியை நிலையாக ஏற்கும் முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். சில நாட்கள் பதிந்த பிறகு, ஏற்றுமதி செய்யும் வசதியைக் கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கணினியில் திறந்து படியுங்கள். செயலிகள் நம் ஆயுள் முழுவதும் இருப்பதில்லை. டே ஒன் 2021இல் ஆட்டோமாட்டிக் நிறுவனத்தின் கைக்கு மாறியது, அது தொடர்கிறது. மனநல உரையாடல் செயலியான வோபாட் 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. எழுதியதை எடுத்துச் செல்ல வழியில்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் எழுதுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் எழுதுவோர் இந்தச் சோதனையில் இரண்டைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதியில் கிடைக்கும் சிஎஸ்வி கோப்பை (அட்டவணையைச் சாதாரண உரையாக வைத்திருக்கும் கோப்பு) எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் வரிசையாக நிற்பது உண்டு. பதிவு அழிந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். கோப்பு, பல மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இருப்பதை எக்செல் உணரவில்லை, அவ்வளவுதான். தரவை இறக்குமதி செய்யும் வழியில் சென்று அந்த முறையைத் தேர்ந்தெடுத்தால், அல்லது சாதாரண உரைத் தொகுப்பானில் திறந்தால், எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டாவது, தேடல். 'தூக்கம்' என்று தேடினால் 'தூக்கத்தில்', 'தூக்கமின்றி' என்று எழுதிய குறிப்புகள் கிடைக்க மாட்டா, ஏனெனில் செயலி எழுத்துகளை அப்படியே பொருத்திப் பார்க்கிறது. 'தூக்க' என்று நிறுத்தித் தேடினால் எல்லாம் கிடைக்கும். இதைவிட எளிய வழி, அடிக்கடி தேட நேரும் விஷயங்களுக்குக் குறிச்சொல் வைத்து, அதை எப்போதும் ஒரே வடிவத்தில் எழுதுவது.

ஏப்ரல் 6

மார்ச் 2 இரவுக் குறிப்பில் ஒரு வரியாவது எழுதுங்கள் என்று சொன்னதை இப்போது சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுந்து பல் துலக்குவதே பெரிய காரியமாக இருக்கும் நாட்களில் ஒரு வரி எழுதச் சொல்வது கருணையற்றது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அந்த நாட்களில் ஒரு முகத்தைத் தொடுவதே போதும். அப்படித் தொட்ட தேதிகள் மட்டும் இருந்தாலும் மருத்துவருக்கு அது பயன்படும்.

சில நிலைகளில் எண்களே முதன்மையானவை. இருதுருவக் கோளாறு (மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் நிலை) உள்ளவர்களுக்கு மனநிலையின் ஏற்ற இறக்கத்தோடு தூங்கிய மணிநேரத்தையும் மருந்தையும் நாள்தோறும் குறிக்கச் சொல்வது நெடுநாளாகவே உள்ள வழக்கம். தூக்கம் திடீரெனக் குறைவது வரப்போகும் எழுச்சியின் முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் அங்கே மணிநேரக் கணக்கைக் கட்டுரை ஈடுசெய்யாது. மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 2001இல் வெளியான அது, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது. ஐபோனின் ஹெல்த் செயலியிலும் அது இருக்கிறது. ஐந்து முகங்களின் மாதச் சராசரியைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பிய இந்தத் தாள் மருத்துவருக்கு எளிதில் பொருள்படும். நோயைத் தீர்மானிப்பது மருத்துவர்தான். மதிப்பெண் அவருடைய விசாரணையைத் தொடங்கி வைக்கிறது.

நான் என் பதிவுகளை மருத்துவரிடம் கொண்டுபோனபோது நடந்ததையும் சொல்கிறேன். வண்ண வரைபடத்தை அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, கோடு சட்டென்று இறங்கிய மூன்று இடங்களில் விரலை வைத்து, "இந்த மூன்று நாளிலும் என்ன எழுதியிருக்கிறீர்கள், படியுங்கள்" என்றார். எந்த நாளைக் கேட்க வேண்டும் என்று கோடு காட்டியது. என்ன நடந்தது என்பதைக் குறிப்புதான் சொன்னது. எனக்குத் தெரிந்து இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

ஏப்ரல் 7

நேற்றைய குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிஎச்க்யூ-9 தாளின் ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதற்கு 'ஆம்' என்று பொருள்படும் எந்தப் பதிலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், செயலிக்குள் கிடக்கக் கூடாது. அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 21

இன்னொரு செயலியைக் குறிப்பிடாமல் விட்டது சரியல்ல. 2022இல் வந்த ஹவ் வீ ஃபீல், இலாப நோக்கற்ற அமைப்பின் இலவசச் செயலி; யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் பிராக்கெட் அதன் உருவாக்கத்தில் பங்குபெற்றவர். அது நல்லதா கெட்டதா என்ற ஒற்றைக் கோட்டில் மனத்தை அளப்பதில்லை. உணர்வு இதமானதா என்பதையும் அதில் எவ்வளவு ஊக்கம் இருக்கிறது என்பதையும் தனித்தனியே கேட்டு, நான்கு வண்ணங்களாகப் பிரிக்கிறது: கோபமும் பதற்றமும் சிவப்பில், உற்சாகம் மஞ்சளில், துயரமும் களைப்பும் நீலத்தில், அமைதி பச்சையில். 1980இல் உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் முன்வைத்த, உணர்வுகளை ஒரு வட்டத்தில் அடுக்கிக் காட்டும் மாதிரியும் இதே இரண்டு அச்சுகளைக் கொண்டதுதான். ஐந்து முகங்களில் பதற்றமும் களைப்பும் ஒரே முகமாகிவிடுகின்றன. பதற்றத்துக்கு ஓய்வு உதவும், களைத்துச் சுருண்டிருப்பதற்குச் சிறு நடை உதவும் என்றால், இரண்டையும் ஒரே முகத்தில் போட்டுவைக்கும் பதிவு நமக்கு வழிகாட்டாது. அந்தச் செயலியின் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது தடையாகத் தோன்றினால், டேலியோவின் முகங்களுக்குக் கீழே நாமே தமிழில் உட்பிரிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 'பதற்றம்', 'எரிச்சல்', 'வெறுமை', 'களைப்பு' என்ற நான்கை மட்டும் சேர்த்ததிலேயே என் பதிவுகள் பெரிதும் தெளிவடைந்தன.

செயலி போட்டுத் தரும் தொடர்புக் கணக்கைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. உடற்பயிற்சி செய்த நாட்களில் உங்கள் மனநிலை உயர்ந்திருக்கிறது என்று அது சொன்னால், பயிற்சியால் மனம் தெளிந்திருக்கலாம். மனம் தெளிவாக இருந்த நாட்களில்தான் நீங்கள் பயிற்சிக்கே போயிருக்கவும் கூடும். எது முன்னால் நடந்தது என்பதை நாளுக்கு ஒரு பதிவு காட்டாது. நேரத்தோடு குறித்த பதிவுகள் ஓரளவு காட்டும்.

மே 10

கேள்வி கேட்டவர் டேலியோவில் தொடங்கி, குறிப்பும் எழுதி வருவதாகத் தெரிவித்திருக்கிறார், மிகவும் மகிழ்ச்சி. நடுவே விட்டுப்போன பத்து நாட்களை இப்போது நினைவிலிருந்து நிரப்பலாமா என்று கேட்கிறார். மனநிலையை நிரப்ப வேண்டாம். இன்றைய மனநிலைதான் அந்தப் பத்து நாட்களின் மேலும் படியும், பிறகு படிக்கும் மருத்துவருக்கு எது அன்று பதிந்தது, எது பின்னர் ஊகித்தது என்று தெரியாது. கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும், ஏனெனில் எழுத முடியாத பத்து நாட்கள் இருந்தன என்பதும் அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. மருந்தின் அளவு மாறிய தேதி, காய்ச்சல் வந்த நாள், மாதவிடாய் தொடங்கிய நாள், பயணம் போன்று வேறு சான்றைக் கொண்டு உறுதிப்படுத்தக்கூடியவற்றை மட்டும் உரிய தேதியில் சேர்த்து, "பின்னர் எழுதியது" என்று அடியில் குறித்துவிடுங்கள்.